அக்காவின் வாயைத் தைத்தவர்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் அக்கா. அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஒலிபெருக்கி. நாலு நீராவி இயந்திரங்களும் ஒன்றாக ஓடும்போதுகூட அவள் பேசுவது கூடத்தின் மறுகோடி வரை கேட்கும். கையுறை கொடுக்காமல் வெளுப்பு மருந்தில் கை வைக்கச் சொன்ன ஒரு மேற்பார்வையாளரை அவள் நிற்கவைத்துக் கேட்ட கேள்வியில், மனுஷன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார் என்று இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிப்பார்கள்.

தங்கை அப்படியே நேர் எதிர். தையற்காரி. கடைக்கு வருகிறவர்கள் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கவோ மேலாடையின் இடுப்பைப் பிரித்து விடவோ கேட்டால் தலையை ஆட்டுவாள், அளவெடுப்பாள், அவ்வளவுதான். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். "உனக்கும் சேர்த்து நான் பேசிக்கறேன், நீ தை," என்பாள் அக்கா. அத்தான் இறந்துபோன பிறகு, கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒருத்தி பேசினாள், ஒருத்தி தைத்தாள்.

அக்காவுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. ஒன்பது வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. கோபம் எதுவும் கிடையாது. ஒரு கப்பலிலிருந்து இறங்கினால் இன்னொரு கப்பல் காத்திருந்தது. மாதம் இரண்டு தடவை தவறாமல் போன் பண்ணுவான்.

சாவதற்கு மூன்று வாரம் முன்னால், மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டே அக்கா சொன்னாள்: "இங்க பாரு. நான் செத்தா அன்னைக்கே மண்ணுல போட்டுடு. அன்னைக்கு முடியலைன்னா மறுநாள். ஊசி, மருந்து, பூச்சு எதுவும் வேண்டாம். முப்பத்தோரு வருஷம் அந்த நாத்தம் மூக்குல ஏறிக் கிடக்கு. செத்த பிறகாவது என்னை விட்டுடச் சொல்லு."

"சும்மா இரு," என்றாள் தங்கை.

"சும்மா இருக்கத்தானே போறேன். அதுக்கு முன்னாடி சொல்லி வைக்கறேன். அந்த நீலத் துணியைப் போட்டு விடு. பை வெச்சுத் தெச்சியே, அது."

பை இல்லாத உடையை அக்கா உடுத்தமாட்டாள். கையை எங்கே வைப்பது என்று கேட்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவின் மூச்சு நின்றது. தங்கைதான் இமைகளை மூடினாள், நரைத்த முடியை விரலால் கோதிப் பின்னுக்குத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் செவிலியிடம் சொல்லிவிட்டு நீலத் துணியை எடுத்துவர வீட்டுக்குப் போனாள். போய்விட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல இருந்து மகன்கிட்ட போன்ல பேசிட்டாங்கம்மா. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு," என்றாள் செவிலி.

"யாரு எடுத்துட்டுப் போனா?"

"இறுதிக் காரியம் பண்ற நிறுவனம். நெருங்கின உறவுன்னு மகன் பேருதான் பதிவுல இருக்கு. எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

இருபத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனாள். பெரிய கண்ணாடிக் கதவு. உள்ளே மெத்தென்ற சோபா, தூசி படியாத பிளாஸ்டிக் பூக்கள், ராகம் என்று எதுவும் இல்லாத ஒரு மெல்லிசை. மேலாளர் கறுப்புக் கோட்டில் வந்தார். பஞ்சு வைத்துப் பொதிந்த மாதிரிக் குரல்.

"எங்க அக்காவுக்கு ஊசி மருந்து எதுவும் போடக் கூடாது," என்றாள் தையற்காரி. "அவளே சொல்லியிருக்கா. துணி கொண்டு வந்திருக்கேன். நாளைக்கே அடக்கம் பண்ணணும்."

மேலாளர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். நிஜமாகவே எழுதினார், அவள் பார்த்தாள். "கண்டிப்பா கவனிக்கறோம்மா. கொஞ்சம் உட்காருங்க. மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

தண்ணீர் கொடுத்தார்கள். அவள் காத்திருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்பக்கக் கதவின் அடியிலிருந்து ஒரு நெடி வந்து மூக்கைக் குத்தியது, கண் கரித்தது. தரை துடைக்கிற மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலாளர் திரும்பி வந்தபோது முகத்தில் அதே கனிவு. "மகன் காலையிலேயே ஒப்புதல் கொடுத்துட்டாரும்மா. பாதுகாப்புச் சிகிச்சை முடியற கட்டத்துல இருக்கு."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள்.

"நான் இங்க வந்து உட்கார்ந்தப்போ ஆரம்பிச்சிருந்தீங்களா?"

அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தினார். அவள் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"வேண்டாம்னு சொன்னேன். நோட்டுல எழுதினீங்க. எழுதி வெச்சுட்டு என்னை இங்க உட்கார வெச்சுட்டு, உள்ள நீங்க பாட்டுக்குப் பண்ணிட்டு இருந்தீங்க."

"அம்மா, நீங்க துக்கத்துல இருக்கீங்க..."

"நான் துக்கத்துல இல்ல. கோபத்துல இருக்கேன்."

கப்பலில் இருந்த மகனுக்கு அங்கேயே நின்று போன் போட்டாள். நாலாவது தடவைதான் கிடைத்தது. அவன் குரல் உடைந்து போயிருந்தது. "சித்தி, நான் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர முடியும். மருந்து ஏத்தலைன்னா ரெண்டே நாள்ல முகம் அடையாளம் தெரியாமப் போயிடும்னாங்க. சட்டப்படி கட்டாயம்னும் சொன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்? சரின்னேன்." அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

தையற்காரி போனைப் பைக்குள் போட்டுவிட்டு மேலாளரைப் பார்த்தாள். "எந்தச் சட்டம்? காட்டுங்க."

"சட்டம்னு இல்லம்மா. நடைமுறை."

"அவன்கிட்ட சட்டம்னு சொல்லியிருக்கீங்க."

"அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்பார்."

"குளிர் அறை இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு."

"அதுல வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

மேலாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. ஆனா பார்க்கறதுக்கு நல்லா இருக்காது. மகனுக்கு ஒரு நல்ல நினைவு வேணும் இல்லையா?"

அன்றைக்கு அவளை உள்ளே விடவில்லை. அடுத்த இரண்டு நாளும் விடவில்லை. வேலை இன்னும் முடியவில்லையாம். வியாழக்கிழமை மதியம் போன் வந்தது, வந்து பார்க்கலாம் என்று.

பார்வை அறையில் மஞ்சள் விளக்கு போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் வழவழப்பான வெள்ளைத் துணி. அதில் ஒரு நடுத்தர வயதுப் பெண் படுத்திருந்தாள். தையற்காரி அறை மாறி வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவில் அக்காவின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

மறுபடி பார்த்தாள். முடி கன்னங்கரேலென்று இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. உதட்டில் அக்கா ஆயுசுக்கும் பூசாத ஒரு சிவப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் நீராவிக் குழாய் வெடித்தபோது தாடையிலிருந்து காது வரைக்கும் விழுந்த தழும்பு, அது இருந்த இடமே தெரியவில்லை. மெழுகு வைத்து நிரவியிருந்தார்கள். இளஞ்சிவப்பில் ஏதோ ஒரு உடை. தையற்காரியின் கை பழக்கதோஷத்தில் உடையின் தோள் தையலைத் தொட்டது, அங்கிருந்து முதுகுப் பக்கமாகப் போனது. முதுகில் துணியே இல்லை. முன்பக்கம் மட்டும் தைத்து, ஓரத்தை உடம்புக்கு அடியில் சொருகியிருந்தார்கள். பொம்மைக்குக்கூட அவள் அப்படித் தைத்ததில்லை.

அப்புறம் வாயைப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன. சும்மா மூடிய வாய் மாதிரி இல்லை. இடது ஓரத்தில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. நூலை ஒரு சுற்று அதிகமாக இழுத்துவிட்டால் மடிப்பு சுருங்குமே, அப்படி ஒரு சுருக்கம். முப்பது வருஷம் தையல் பார்த்த கண் தப்பு செய்யாது. விரலால் மேலுதட்டைக் கொஞ்சமாகத் தூக்கினாள். உள்ளே ஈறில் நூல் ஓடியிருந்தது.

அவள் கத்தவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போனாள். யாரோ தடுத்தார்கள், அவள் காதில் வாங்கவில்லை.

உள்ளே சரிவான ஒரு எஃகு மேஜை, ஓரத்தில் வடிகால், சுவரோரம் ஒரு பம்பு. அதைத் தாண்டி ஒரு சின்னக் கொல்லை. அங்கே ரப்பர் ஏப்ரனோடு ஒரு பெண் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எங்க அக்கா வாயைத் தெச்சது நீங்களா?"

அந்தப் பெண் டீயைக் கீழே வைத்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. "ஆமாம்மா."

"எதுக்கு?"

"தாடை தொங்கும். வாய் திறந்து கிடக்கும். பார்க்கறவங்க பயப்படுவாங்கன்னு சொல்லித்தான் கத்துக் கொடுத்தாங்க."

"வேற என்ன பண்ணீங்க? எல்லாம் சொல்லுங்க."

"வேண்டாம்மா. கேட்டா உங்களால தாங்க முடியாது."

"அவ தாங்கியிருக்கா. நான் கேக்கறதுக்கு என்ன."

அந்தப் பெண் சொன்னாள். கழுத்துப் பக்கம் அறுத்து ஒரு குழாய் வழியாக மருந்தை ஏற்றுவது. இன்னொரு குழாய் வழியாக ரத்தம் வெளியே வருவது. அது மேஜையின் வடிகால் வழியாகச் சாக்கடைக்குப் போவது. வயிற்றுக்குள் நீளமான ஊசியை விட்டு உறிஞ்சுவது. இமைக்குள்ளே பிளாஸ்டிக் மூடி வைப்பது. சொல்லும்போது இரண்டு தடவை இருமல் வந்து நின்றாள்.

"இந்த இருமல் எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா. அந்த மருந்து அப்படி. முகக்கவசம் கேட்டேன், அடுத்த மாசம்னாங்க. அது எந்த வருஷத்து அடுத்த மாசம்னு தெரியல." சிரிக்கப் பார்த்தாள், மறுபடி இருமினாள். "உங்க அக்கா வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியாதும்மா. என்கிட்ட ஒரு தாளும் ஒரு போட்டோவும்தான் வந்தது."

"என்ன போட்டோ?"

அந்தப் பெண் உள்ளே போய் எடுத்து வந்தாள். கப்பலிலிருந்து மகன் அனுப்பியது. அவன் கிளம்பிய அன்றைக்குக் கடை வாசலில் எடுத்தது. கறுப்பு முடியும் தழும்பில்லாத கன்னமுமாக அக்கா அதில் நின்றிருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அக்கா. 'இப்படி இருக்கட்டும்' என்று அடியில் மேலாளர் கையெழுத்தில் எழுதியிருந்தது.

தையற்காரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இதையெல்லாம் எடுக்க முடியுமா?"

"பூச்சும் மெழுகும் போயிடும். முடிக்குப் பூசின சாயம் போகாது. ரத்தம்..." அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "அது போனது போனதுதான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகன் துறைமுகத்திலிருந்து நேராக அங்கே வந்தான். தாடியும் தோள்பையுமாக, பாதி முடி கொட்டிப்போய். பெட்டிக்குள் பார்த்தவன் அப்படியே மண்டியிட்டு அழுதான். "அம்மா கொஞ்சமும் மாறல சித்தி," என்றான். "நான் விட்டுட்டுப் போனப்போ இருந்த மாதிரியே இருக்காங்க."

கதவோரம் நின்ற மேலாளர் அடக்கமாகத் தலையை அசைத்தார்.

தையற்காரி பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா இருந்திருந்தால் பேசியிருப்பாள், இவள் தைத்திருப்பாள். இப்போது பேச ஆள் இல்லை.

"மாறினாடா," என்றாள். "நீ விட்டுட்டுப் போன பிறகு நல்லாவே மாறினா. முடி நரைச்சுது. பல்லு ரெண்டு விழுந்துது. குழாய் வெடிச்சு முகம் வெந்து போச்சு, நாப்பது நாள் கட்டுப் போட்டுக் கிடந்தா. அந்த ஒம்பது வருஷத்தையும் இவங்க மெழுகு வெச்சு மூடிட்டாங்க. நீ அதைப் பார்த்துட்டு மாறலைன்னு சொல்ற."

மகன் நிமிர்ந்து பார்த்தான். "முகம் வெந்துச்சா? எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு. நீ பயந்துடுவேன்னு சொல்ல வேண்டாம்னா."

"நான் கேட்டப்போ எல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க."

"அப்படித்தான் சொல்லுவா. உனக்காக ஒரு பொய் அவ சொன்னா. அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு. இவங்களுக்கு யார் கொடுத்தா?"

மேலாளர் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, சத்தம் வேண்டாம். பக்கத்து அறையில இன்னொரு குடும்பம் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் கேட்கட்டும். நீங்க சட்டம்னு பொய் சொல்லித்தானே இவன்கிட்ட சம்மதம் வாங்கினீங்க. இவனையே கேளுங்க, உங்க முன்னாடியே சொல்லட்டும்."

மகன் மேலாளரைப் பார்த்தான். "நீங்க சட்டம்னுதான் சொன்னீங்க," என்றான் மெதுவாக. "ரெண்டு தடவை சொன்னீங்க."

மேலாளர் வெளியே போனார்.

தையற்காரி வெந்நீரும் சோப்பும் கேட்டாள். கொண்டுவந்தது ஏப்ரன் பெண். ஒரு எஃகுத் தட்டும் சுத்தமான துணிகளும் சேர்த்தே கொண்டுவந்தாள். கேட்காமலேயே கதவைச் சாத்தித் தாளும் போட்டாள். அதற்காகப் பின்னால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

தையற்காரி துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். தோல் நிறத்துப் பூச்சு துணியில் கரைந்து வந்தது. உதட்டுச் சிவப்புக்கு மூன்று துணி ஆயிற்று. தாடை மெழுகை ஏப்ரன் பெண் ஒரு மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தாள், ஒரு கீறல் விழாமல். கீழேயிருந்து தழும்பு வந்தது. மகன் அதுவரை சுவரோரம் நின்றிருந்தான். அப்போதுதான் பக்கத்தில் வந்தான். தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"நூலையும் எடுத்துடுங்க," என்றாள் தையற்காரி.

ஏப்ரன் பெண் தயங்கினாள். "எடுக்கறேன்மா. ஆனா..."

"எடுங்க."

சின்னக் கத்தரியால் முடிச்சை வெட்டி நூலை இழுத்தாள். நீளமாக வந்தது. தையற்காரி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை இறங்கவில்லை. உதடு பிரியவில்லை. இடது ஓரத்துச் சுருக்கம்கூட அப்படியே இருந்தது.

"மருந்து ஏறி சதை இறுகிப் போச்சும்மா," என்றாள் ஏப்ரன் பெண். "இனிமே அப்படியேதான் இருக்கும்."

தையற்காரி அப்போதுதான் அழுதாள். நாலு நாளாக வராத அழுகை. நின்றபடியே, ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். மகன் ஒரு கையால் அவள் தோளைப் பிடிக்க வந்தான். அவள் உதறிவிட்டாள். அவன் மேலும் கோபம் இருந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

இளஞ்சிவப்புத் துணியை உருவி எறிந்துவிட்டு மூன்று பேருமாக நீலத் துணியைப் போட்டுவிட்டார்கள். உடம்பு வளைந்து கொடுக்கவில்லை. கையை நுழைக்கத் தோள் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து மறுபடி தைத்தாள். இரண்டு பக்கமும் பை, முழு முதுகு.

சனிக்கிழமை காலை அடக்கம் முடிந்தது. சலவைக்கூடத்து ஆட்கள் வந்து முகம் பார்த்தார்கள். "முடிக்கு என்ன ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். தையற்காரி நடந்ததை முழுக்கச் சொன்னாள், ஒன்று விடாமல். அவள் இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

மகன் பத்து நாள் இருந்தான். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, "நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது சித்தி," என்றான். "ஆமா," என்றாள் அவள். வண்டியில் சாப்பிட ஏதோ கட்டிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது.

அதற்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமை கடைக்கு வார விடுமுறை. தையற்காரி அந்த நிறுவனத்தின் வாசலுக்கு எதிரே, நடைபாதையில் இருந்த பொது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஒரு வயதான தம்பதி. எழுந்து போய் வழிமறிக்காமல் பக்கவாட்டில் நின்று சொன்னாள்: "உள்ள போனதும் மருந்து ஏத்தறது சட்டம்னு சொல்லுவாங்க. எந்தச் சட்டம்னு கேளுங்க. வேண்டாம்னு நீங்க சொல்லலாம்." அந்த மனிதர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த ஆள் வரும்வரை காத்திருந்தாள்.

அடுத்த வாரமும் போனாள். காவலாளி வந்து எழுந்துபோகச் சொன்னான். நடைபாதை யாருடையது என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை, போய்விட்டான். மூன்றாம் வாரம் மேலாளரே வந்தார்.

"துக்கத்துல வர்றவங்களை இப்படித் தொந்தரவு பண்றது நியாயமாம்மா?"

"அவங்ககிட்ட பொய் சொல்றதை நீங்க நிறுத்துங்க. நான் வர்றதை நிறுத்தறேன்."

அவர் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மாள், எங்கள் வீட்டுச் சாவில் உனக்கென்ன வேலை என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். "எங்க வீட்டுச் சாவுல இதை யாரும் எனக்குச் சொல்லல," என்று பதில் சொன்னாள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை, அன்று காலைதான் மனைவியை இழந்த ஒருவர் தன் மகளோடு வந்தார். நின்று கேட்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்து, சாலையைக் கடந்து நேராக அவளிடம் வந்தார்.

"குளிர் அறை போதும்னு சொல்லிட்டேன்," என்றார். "முதல்ல கட்டாயம்னார். எந்தச் சட்டம்னு கேட்டேன். அப்புறம் பேச்சை மாத்திட்டார்."

"அடக்கம் எப்போ?"

"நாளைக்குக் காலையில. அவ எப்படி இருக்காளோ அப்படியே."

தையற்காரி தலையை ஆட்டினாள். அவர் மகள் இவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

நெஞ்சில் இருந்த கொதிப்பு அதனால் ஒன்றும் ஆறிவிடவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேலாளர் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. தையற்காரி எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கமாக நடந்தாள்.